சராசரியில் தெரியாத மில்லி விநாடி

போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்ற புகார் நெட்வொர்க் வேலையில் ஓயாமல் வரும். போனின் தரவு போகும் ஸ்விட்ச் (கணினிகளையும் போன்களையும் இணைக்கும் பெட்டி) போர்ட்டின் வரைபடத்தைத் திறந்தால் பயன்பாடு 20 சதவீதம்கூட இருக்காது. "லைன் காலியாகத்தானே இருக்கு, போனைப் பாருங்க" என்று டிக்கெட்டை மூடிவிடலாம். நான் மூட மாட்டேன். அந்த வரைபடம் பெரும்பாலும் 5 நிமிடச் சராசரி, கணநேர நெரிசல் அதில் தெரியாது.

ஓர் அலுவலகத்தில் இதே புகாருக்காக டிராப் கவுண்டரை, அதாவது ஸ்விட்ச் கைவிட்ட பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் அசையாமல் இருந்த எண் சட்டென்று ஆயிரக்கணக்கில் எகிறி, மறுபடி நின்றது. பேக்கப் சர்வர் 10 ஜிகாபிட் போர்ட்டில் இருந்தது. அதன் தரவு ஸ்விட்சிலிருந்து வெளியேறிய இணைப்பான அப்லிங்க் 1 ஜிகாபிட். குரலும் அதே வழியில்தான் போயாக வேண்டும்.

வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் ஹப் இருந்த காலத்தில் ஒரு கணினி அனுப்பும்போது மற்றவை காத்திருக்கும், இல்லையென்றால் மோதும். ஸ்விட்ச், அனுப்புநரின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த முகவரிக்கு வருவதை அந்தப் போர்ட்டுக்கு மட்டும் விடுகிறது. மோதல் ஒழிந்தது. காத்திருப்பு மட்டும் வெளியேறும் போர்ட்டின் பஃபருக்கு (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) இடம் மாறியது.

அந்தப் போர்ட்டுக்கு 1 மெகாபைட் பஃபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஜிகாபிட்டில் வந்து 1 ஜிகாபிட்டில் வெளியேறினால், அது நிரம்ப ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. வடிய 8 மில்லி விநாடி ஆகும். நிரம்பிய நேரத்தில் வரும் பாக்கெட் போய்விடும். கோப்பு என்றால் டிசிபி என்ற நெறிமுறை திரும்ப அனுப்பிவிடும். குரல் பாக்கெட் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒன்று, போனால் போனதுதான்.

பெரிய பஃபர் உள்ள ஸ்விட்ச் வாங்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டிராப் குறையும், ஆனால் வரிசை நீளும். குரல் பாக்கெட்டின் தலைப்பில் டிஎஸ்சிபி (முன்னுரிமையைச் சொல்லும் எண்) 46 என்று குறியிட்டு, முன்னுரிமை வரிசையில் தனியாக விட்டோம். இப்போது முன்னால் வேறு குரல் பாக்கெட் இல்லையென்றால், ஏற்கெனவே கம்பியில் ஏறிவிட்ட ஒரே ஒரு ஃபிரேமுக்காகத்தான் (பாக்கெட்டைச் சுமந்து போகும் உறை) அது நிற்க வேண்டும். 1500 பைட் ஃபிரேம் என்றால் சுமார் 12 மைக்ரோ விநாடி. அதற்குப் பிறகும் கவுண்டர் ஏறியது, பேக்கப் வரிசையில் மட்டும்.

இதைச் செய்கிறவர்கள் போன் செருகிய போர்ட் அந்தக் குறியை நம்புகிறதா என்று முதலில் பாருங்கள். நம்பாத போர்ட் அதை 0 ஆக்கிவிடும், குரல் பழையபடி கூட்டத்தில் நிற்கும். முன்னுரிமை வரிசைக்கு உச்சவரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது வேறு எதற்கோ 46 போட்டுவிட்ட நாளில் மற்ற எல்லா வரிசையும் பட்டினி கிடக்கும்.