பாகம் எண், வரிசை எண்

2025 நவம்பர் மாதம் முழுக்க எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள் வரவே இல்லை. அந்த இடத்தை எஸ்ஐஆர் பிடித்துக்கொண்டது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று முழுசாகச் சொல்பவர் எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவர்தான், மற்ற எல்லோருக்கும் அது ‘அந்த ஃபாரம்’. நவம்பர் 4-ஆம் தேதி வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு இரண்டு காப்பி, ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு. மேல் பாதி சுலபம்: பிறந்த தேதி, செல்போன் எண், அப்பா பெயர், அம்மா பெயர், கணவர் பெயர். கீழ்ப் பாதியில்தான் வம்பு. தொகுதியைப் பொறுத்து 2002-லோ 2005-லோ நடந்த கடைசித் தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது, உங்கள் பெயர் இல்லையென்றால் அப்பா அம்மா பெயர் எங்கே இருந்தது, சட்டமன்றத் தொகுதி என்ன, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன. போன தேர்தலில் எந்த ரூமில் ஓட்டுப் போட்டோம் என்றே ஞாபகம் இல்லாதவர்களிடம் இருபது வருஷத்துக்கு முந்தைய வரிசை எண்ணைக் கேட்டால் என்ன செய்வார்கள்?

எனக்கு அப்போது ஓட்டு வயது வரவில்லை. நான் சேரன்மகாதேவிக்காரி, கல்யாணமாகி தாம்பரம் பக்கம் வந்தவள். ஆக, அப்பா பெயரை வைத்துத்தான் எழுத வேண்டும். அப்பா இப்போது இல்லை. அம்மா திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சரி, இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், சேரன்மகாதேவி என்று ஒரு தொகுதியே இப்போது கிடையாது. 2006 தேர்தலோடு போய்விட்டது, 2008 மறுசீரமைப்பில் எடுத்துவிட்டார்கள். பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருந்தது, ஆனால் அன்றைக்குத் தட்டச்சு செய்தவர் எந்த ‘ன’ போட்டார், இனிஷியலை முன்னால் போட்டாரா பின்னால் போட்டாரா என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தால்தான் அது ஆளைக் காட்டும். இல்லாவிட்டால் பாகம் பாகமாகப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு தெருவாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்த வேலையைச் சித்தப்பா செய்தார். யாரும் கேட்கவில்லை. கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவர். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று சிதறிக் கிடக்கிற எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, ஊரில் உட்கார்ந்து, பேரனுடைய செல்போனில் பட்டியலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கண்டுபிடித்த எண்களைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். ஒரு தாளுக்கு ஒரு குடும்பம். மேலே தொகுதி, கீழே பாகம், அதற்குக் கீழே பெயர்கள், ஓரத்தில் வரிசை எண், எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. என் தாளை வெளிச்சத்தில் பிடித்து எடுத்திருப்பார் போலிருக்கிறது, முன்பக்கத்து ராகுகாலமும் எமகண்டமும் தலைகீழாகத் தெரிந்தன. நன்றி சொல்லலாம் என்று போன் பண்ணினால், “போட்டோ ஒட்டினியா? வெள்ளை பேக்ரவுண்டா? சரி, வைய்யி” என்று வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டு ஆண்கள் இப்படித்தான். ‘எப்படி இருக்கே’ என்று ஒருநாளும் கேட்கமாட்டார்கள். பாசம் என்ற ஒன்று அவர்களிடம் வெளிவருவதென்றால் ரயில் டிக்கெட்டாக வரும், கேஸ் புக்கிங்காக வரும், எல்ஐசி பிரீமியம் கட்டிய ரசீதாக வரும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய குறையாக இருந்தது, தோழிகளின் அப்பாக்கள் எல்லாம் கொஞ்சிப் பேசும்போது இவர்கள் மட்டும் ஏன் சொசைட்டி மாதிரியே இருக்கிறார்கள் என்று. இப்போது குறையாகத் தெரியவில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு, சரிபார்க்கிற சாக்கில் நானும் பட்டியலைத் திறந்தேன். எங்கள் தெரு முழுக்க அதில் இருந்தது. வீட்டு எண், பெயர், அப்பா பெயர் என்றால் ‘த’, கணவர் பெயர் என்றால் ‘க’, ஆண் பெண், வயது. அப்பா 47. அம்மா 41. ஆச்சி 61. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, 61 வயது ஆச்சிக்கு 47 வயதில் மகன். சித்தப்பாவிடம் கேட்டேன். “அவ கணக்கெடுக்க வர்றவன் மூஞ்சியப் பாத்துட்டு வாயில வந்த வயசச் சொல்லுவா, வருஷத்துக்கு வருஷம் குறையும்” என்றார், இந்தத் தடவை உடனே போனை வைக்கவில்லை. மேற்கு வங்கத்தில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் 15 வயதுக்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் முரண்பாடு என்று சொல்லி விளக்கம் கேட்கிறார்கள் என்று செய்தியில் படித்தபோது ஆச்சி ஞாபகம்தான் வந்தது. ஆச்சி இருந்து, அவளை ஓர் அதிகாரி விசாரித்திருந்தால், கடைசியில் அந்த அதிகாரிதான் தன் வயதைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

மாமியார் கதை வேறு. அவர்கள் சென்னையிலேயே வாடகை வீடு மாறி மாறி இருந்தவர்கள். 2002 வாக்கில் புரசைவாக்கத்தில் இருந்தார்களாம். அந்தத் தொகுதியும் இப்போது இல்லை (சென்னையில் பூங்காநகரும் இப்படித்தான் காணாமல் போனது). எந்தத் தெரு என்று கேட்டால் அத்தைக்குத் தெருப் பெயர் வரவில்லை, ஆனால் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பெரிய புங்கமரம் இருந்தது, வரிசையில் முன்னால் நின்றது வீட்டு ஓனரம்மா, அவர் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் சுங்குடி என்பதெல்லாம் வந்தது. ஓனரம்மாவின் மகளுடைய எண் எப்படியோ ஒரு பழைய டைரியில் கிடைத்தது. இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத மனுஷி. போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், “இருங்க ஆன்ட்டி, எங்க அம்மாவுதைத் தேடி வச்சிருக்கேன், நீங்களும் அதே பக்கத்துலதான் இருப்பீங்க” என்று சொல்லி, பத்து நிமிஷத்தில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிவிட்டது அந்தப் பெண். அதே பக்கம்தான். அதே வீட்டு எண், மாடிக்கு மட்டும் ஒரு ‘ஏ’. அப்புறம் அத்தையும் அவளும் ஒரு மணி நேரம் பேசினார்கள், எஸ்ஐஆர் பற்றி அல்ல.

ஃபாரம் வாங்க வந்தவர் ஓர் அங்கன்வாடி டீச்சர். ராத்திரி ஏழு மணிக்கு மேல், கட்டைப்பை நிறையக் காகிதத்தோடு, செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. வாங்கிய ஃபாரத்தை எல்லாம் ஆப்பில் ஏற்ற வேண்டும், நெட் இழுக்கிறது, காலையில் வழக்கம்போலப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அத்தை கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டினார். பின்னாலேயே டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயலின் மிச்சம் சென்னைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. இலங்கையில் நூற்றுக்கணக்கான பேரை வாரிக்கொண்டு போன புயல், நமக்குப் பெரும்பாலும் மழையோடு விட்டது. டிசம்பர் 4 என்றிருந்த கெடுவை முதலில் 11 ஆக்கினார்கள், பிறகு தமிழ்நாட்டுக்கு 14 ஆக்கினார்கள். இத்தனை கோடி பேருடைய ஃபாரத்தை வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வாங்கலாம் என்று திட்டம் போட்டவர் யாரோ, அவருக்குச் சென்னையில் ஒரு நவம்பராவது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடி பேரில் 97 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பெயர் அதில் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் என்று ஏறத்தாழ 27 லட்சம், அது நியாயம்தான், என் அப்பா பெயர் அவர் போய் எத்தனையோ வருஷம் வரைக்கும் பட்டியலில் இருந்தது, ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் அவருக்கும் சேர்த்துத்தான் பூத் ஸ்லிப் கொடுத்தார்கள். ஆனால் 66 லட்சம் பேரை இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்று எடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு வேறு ஒரு யோசனை. எங்கள் வீட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது. எங்களிடம் பத்திரம் பத்திரமாக ஆதாரம் இருந்ததால் அல்ல. ஒரு சித்தப்பா இருந்தார், பழைய வீட்டு ஓனரின் மகள் இருந்தாள், ஃபாரத்தை ஸ்கேன் பண்ணித் தர என் மதினி இருந்தாள். ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிற அண்ணன் அப்படி ஒருத்தர். ஆரணிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, போன வருஷம் வாடகை ஏற்றியதால் இரண்டு தெரு தள்ளிக் குடி போனார். ஃபாரம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும், பூட்டிய வீட்டுக்குள் வீசப்பட்டிருக்கும், அல்லது அங்கே இப்போது இருப்பவர்கள் ‘அவங்க காலி பண்ணிட்டாங்க’ என்று உண்மையைச் சொல்லியிருப்பார்கள். வாக்காளர் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியின் இழுப்பறையில் வைத்திருக்கிறார், கரித்துகள் படாமல் இருக்க இரண்டு கவர். அத்தனையும் எடுத்து இஸ்திரி மேஜையில் பரப்பி, “இதுல எதும்மா இல்ல?” என்று கேட்டார். எல்லாம் இருந்தது. பட்டியலில் பெயர் மட்டும் இல்லை. தம்பி ஊரில் இருக்கிறான், ஆனால் பாகப்பிரிவினையில் பேச்சு நின்று போயிற்று, அவனிடம் கேட்கமாட்டேன் என்கிறார். அதில் நான் தலையிட முடியாது.

பெயர் சேர்க்கப் படிவம் 6, கூடவே உறுதிமொழி, அதிலும் பழைய பட்டியல் விவரம் கேட்டிருந்தார்கள். அவருடைய அப்பா பெயரையும் ஊரையும் வாங்கி, தயங்கித் தயங்கிச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன், ‘முடிந்தால் பாருங்கள், அவசரமில்லை’ என்று. யார், எவர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் காலண்டர் தாள் வந்தது. அப்பா பெயர் கிடைத்துவிட்டது, அம்மா பெயர் அடுத்த வரியிலேயே இருக்கிறது. கீழே சிவப்பில் இரண்டு கோடு, அதற்கும் கீழே ‘போட்டோ வெள்ளை பேக்ரவுண்ட்’.

2026 ஜனவரி 18 வரை நேரம் கொடுத்திருந்தார்கள். சனி ஞாயிறில் முகாம் போட்டார்கள், வண்டியை அரைநாள் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அப்போது பிரச்சினை. அத்தை, நான் உட்கார்ந்துகொள்கிறேன், தேய்க்க மாட்டேன், துணி மட்டும் வாங்கி வைக்கிறேன் என்றார்.