கொல்லி மழவன் மகளைக் கிடத்திய கோயில்

திருச்சியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் நம்பர் 1 டோல்கேட்டைக் கடந்து மேற்கே போனால், கொள்ளிடத்தின் வடகரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே திருவாசி என்னும் சிற்றூர் வரும். தேவாரம் இவ்வூரைத் திருப்பாச்சிலாச்சிராமம் என்று பாடுகிறது. சுவாமியின் திருநாமம் மாற்றுரைவரதீசுவரர், அம்பிகை பாலாம்பிகை. அதே சாலையில் இன்னும் சற்றுத் தொலைவில் இருக்கும் குணசீலத்தைத் தேடிப் போகிறவர்களில் பலர் இங்கே இறங்குவதில்லை. ஆனால் வலிப்பு நோய் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் எப்படியோ இந்தக் கோயிலைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இதைச் சொன்னவர், மருத்துவமனையில் மூளை வரைபடம் எடுக்கும் அறைக்கு வெளியே எங்களைப் போலவே காத்திருந்த, பெயர் தெரியாத ஒரு தாய்.

எங்கள் மகளுக்கு வயது ஏழு. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளால் மட்டும் வலிப்பு அடங்குவதில்லை. அவள் அந்தப் பங்கில் சேர்ந்தவள். மாத்திரைகளோடு, கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஏறக்குறைய முழுவதுமாக விலக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறையிலும் அவளை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வேளை உணவையும் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். தூக்கம் குறைந்தாலும், ஒரு வேளை மாத்திரை தவறினாலும் வலிப்பு வரக்கூடும் என்பதால், விடியற்காலைத் தரிசனம், இரவுப் பயணம், உபவாசம் என்று யாத்திரைக்கு உரியவையாகக் கருதப்படும் பலவும் எங்களுக்கு இல்லை. அவள் தானாக எழுந்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்ட பிறகுதான் கிளம்பினோம். கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டபோது அவளுடைய மருத்துவர், தாராளமாகப் போங்கள், மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

இந்தத் தலத்துக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. அதை வலிப்பின் ஒரு வகை என்பர். மருத்துவம் எதற்கும் நோய் கட்டுப்படாமல் போகவே, அரசன் மகளைக் கொண்டுவந்து இறைவன் திருமுன்பு கிடத்தினான். அந்த வேளையில் திருஞானசம்பந்தர் ஊரை நெருங்குவதை அறிவிக்கும் சின்னம் என்னும் ஊதுகருவியின் ஓசை கேட்டது. மழவன் மகளை அங்கேயே விட்டு எழுந்து போய், ஊரை அலங்கரிக்கச் செய்து, எதிர்சென்று அவரை வணங்கி அழைத்துவந்தான். கோயிலை வலம் வந்து உள்ளே புகுந்த சம்பந்தர், உணர்வற்று நிலத்தில் கிடந்த பெண்ணைக் கண்டு இது என்னவென்று வினவ, அதன் பின்பே அவன் தன் துயரத்தைச் சொன்னான். அப்போது பிறந்தது முதல் திருமுறையில் உள்ள ‘துணிவளர் திங்கள்’ என்னும் பதிகம். இந்தப் பெண்ணை வாட வைப்பதுதான் இவர் மாண்போ என்று இறைவனையே தட்டிக் கேட்கும் பதிகம் அது. பெண் எழுந்து தந்தையின் அருகே வந்து நின்றாள்.

கதை சொல்வோர் எல்லோரும் அவள் எழுந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நானோ அதற்கு முன்பே, மழவன் எழுந்து போகும் இடத்தில் நின்றுவிடுகிறேன். வருகிறவர் மகளைக் குணப்படுத்துவார் என்ற எண்ணத்தில்தான் அவன் ஓடினான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால், எதிர்கொண்டவுடனே காலில் விழுந்து அழுது அதைத்தானே முதலில் சொல்லியிருப்பான்? விருந்தாக வந்தவர் கேட்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. மகள் நினைவின்றிக் கிடக்கையில் தோரணம் கட்டச் சொல்லவும், நிறைகுடமும் விளக்கும் வைக்கச் சொல்லவும், வருகிறவரை முகம் மலர்ந்து வரவேற்கவும் ஒரு தகப்பனால் எப்படி முடிந்தது என்பதே பதிகத்தின் அற்புதத்தைவிட எனக்குப் பெரிய வியப்பாக இருக்கிறது. நோயாளிப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு உலகம் ஒரு சலுகை தருகிறது: பிறரிடம் கடுமையாக நடந்துகொண்டாலும், பாவம், அவர்கள் கஷ்டம் அப்படி என்று விட்டுவிடுகிறது. மழவன் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சலுகை எவ்வளவு கவர்ச்சியானது என்பது வலிப்பு வரும் பிள்ளையோடு பொதுவிடங்களில் நடமாடுகிறவர்களுக்குத் தெரியும். காய்ச்சலையோ இருதய நோயையோ நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ளலாம். வலிப்பு பேருந்து நிலையத்திலும் துணிக்கடையிலும் முன்பின் அறியாத ஐம்பது பேர் நடுவிலும் வரும். ஒருவர் குழந்தையின் கையில் இரும்பைத் திணிப்பார். ஒருவர் வாய்க்குள் கரண்டியை வைக்க வருவார். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே கொண்டுவருவார். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்தாயா என்று விசாரிப்பவரும் உண்டு. இவை எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய்க்குள் எதையும் வைக்க விடவே கூடாது. அங்கே தாட்சண்யத்துக்கு இடமில்லை. ஆனால் கையில் வைத்த இரும்பு குழந்தைக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும்; அதற்குள் யாரோ சாவியைக் கொண்டுவந்து கொடுத்திருப்பதால் அந்தப் பெருமை சாவிக்குப் போய்ச் சேர்கிறது. முன்பின் அறியாத பிள்ளையின் கையில் தன் வீட்டுச் சாவியை வைக்கிறவரிடம் இரும்பைப் பற்றி அந்த நேரத்தில் வாதம் செய்ய வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் நாங்கள் பேசி வைத்துக்கொண்ட முடிவு.

நாங்கள் போன அன்று கோயிலில் கூட்டம் அதிகமில்லை. எதிரே உள்ள அன்னமாம் பொய்கையைப் பார்த்துவிட்டு உள்ளே சென்று, முதலில் நடராசரைத் தரிசித்தோம். மற்ற தலங்களில் அவர் திருவடியின்கீழ், அந்த நோயின் பெயரையே கொண்ட முயலகன் என்னும் அசுரன் கிடப்பான். இங்கே அவன் இல்லை, ஒரு பாம்பு இருக்கிறது. மழவன் மகளைப் பற்றியிருந்த நோயைப் பெருமான் அகற்றியதன் அடையாளம் என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். மகள் நெடுநேரம் அந்தப் பாம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவாமி சந்நிதியில் எனக்குச் சுந்தரர் நினைவுக்கு வந்தார். பொன் வேண்டிப் பாடியும் உடனே கிடைக்காததால், இவரை விட்டால் வேறு பெருமான் இல்லையோ என்று அவர் கோபித்துப் பாடிய பதிகமும் இந்தக் கோயிலுக்கு உரியதுதான். சம்பந்தர் தட்டிக் கேட்டதும் சுந்தரர் சண்டை பிடித்ததும் ஒரே சந்நிதியில் என்பதில் எனக்கு ஒரு தனி ஆறுதல் உண்டு. மனத்தில் தேங்கிய கோபத்தை மனிதர்கள்மேல் கொட்டாமல், தாங்கக்கூடியவரிடம் கொண்டுபோய்க் கொட்ட இங்கே வழியிருக்கிறது. நானும் அன்று கொஞ்சம் கொட்டினேன்.

பாலாம்பிகை சந்நிதியை நோக்கி நடந்தபோது மகளின் கை என் பிடியில் விறைத்தது. கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டன. அவளைக் கல்தளத்தில் படுக்கவைத்து இடப்பக்கமாகத் திருப்பி, என் துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைப்பதற்குள் கைகால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டன. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கில் அடிக்க வேண்டிய மிடசோலம் ஸ்பிரே என் கணவரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு முதியவர் ஓடிவந்து தம் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். ஒரு பெண்மணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்; வாயில் மட்டும் ஊற்ற வேண்டாம் அம்மா, அருகிலேயே இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன், அவர் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அம்பிகையிடம் குழந்தையைக் கொண்டுவந்திருந்த ஓர் இளம்பெண், அதை மார்போடு அணைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் விலகிப் போனாள். கல்லூரி மாணவனைப் போலிருந்த ஒருவன் கைப்பேசியை உயர்த்தினான். படம் எடுக்கத்தான் உயர்த்தினானா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் அவனைப் பார்த்து, “தம்பி, அதுல நேரம் ஓட விட்டு, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே இருங்க” என்றார். அந்தப் பையனின் முகம் மாறியது. அதன் பிறகு அவன் கைப்பேசித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு முறை உரக்கச் சொன்னான். இரண்டு நிமிடத்தைத் தாண்டியதும் இழுப்பு நின்று, மூச்சு சீராகி, அவள் என் மடியில் உறங்கிப்போனாள்.

வலிப்புக்குப் பின் வரும் இந்தத் தூக்கம் அவளுக்கு ஓய்வு; எனக்கோ அந்த நேரத்தில்தான் கை நடுங்கத் தொடங்கும். யாரிடமும் பேசப் பிடிக்காது. தூணுக்குப் பின்னாலிருந்து அந்த இளம்பெண் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள எனக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் ஊரை அலங்கரிக்கச் சொன்ன தகப்பன் மகளைக் கிடத்தியிருந்த கோயிலில் அந்த உரிமை கொஞ்சம் கூச்சத்தைத் தந்தது. பயப்பட வேண்டாம், இது தொற்றிக்கொள்ளும் நோயில்லை, பக்கத்தில் வந்து உட்காரம்மா என்று அழைத்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். “ஒட்டிக்கும்னு நெனச்சு போகலக்கா” என்றவள், பிறகு மெல்லச் சொன்னாள். அண்மையில் கடுங்காய்ச்சலில் அவளுடைய குழந்தைக்கும் இப்படித்தான் இழுத்ததாம். பால தோஷம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் பாலாம்பிகையிடம் கொண்டுவந்திருக்கிறாள். என் மகளைப் பார்த்தபோது தன் பிள்ளையின் வருங்காலத்தையே தரையில் கண்டதைப் போல நடுங்கிவிட்டிருக்கிறாள்.

மருத்துவமனை நாற்காலிகளில் நான் கற்றவை அத்தனையும் அந்த அரைமணி நேரத்துக்காகவே சேர்த்து வைத்தவை போல உதவின. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவதில்லை என்றும் சொன்னேன். என் மகளுடையது வேறு வகை, உன் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று பொருளில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு முள் குத்தியதை மறைக்கப் போவதில்லை. தன் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறது என்ற நிம்மதியை இன்னொரு தாயின் முகத்தில் என் வார்த்தையாலேயே வரவழைப்பது எளிதான காரியமில்லை. ஆனாலும் அவள் முகம் தெளிந்ததைப் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது. குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடு, வேண்டுதலை நிறைவேற்றினாலும் அவர் சொல்வதை விட்டுவிடாதே என்றேன்.

மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். ஒருக்களித்துப் படுக்கவை, கழுத்து உடையைத் தளர்த்து, வாயில் எதையும் வைக்காதே, கைகால்களை அழுத்திப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடு என்று சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். முதியவரும் அருகில் அமர்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். மகள் கையிலிருந்து சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர், “அப்ப சாவி வேணாங்களாம்மா?” என்று சற்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

“சாவி தேவைப்படாதுங்கய்யா. ஆனா நீங்க ஓடிவந்தீங்களே, அது வேணும்” என்றேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார்.

அர்ச்சகர் வந்து உறங்கும் குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அது அவளுக்கு ஆகாது. அம்பிகையின் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவள் உணவுமுறையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை; திருநீறு ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். அதற்குள் மகள் விழித்துக்கொண்டாள். நெய் மணக்கும் தொன்னையை ஒரு முறை பார்த்தாள். பிறகு, போகாமல் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டிருந்த அந்தப் பையனைக் காட்டி, “அந்த அண்ணாவுக்குக் குடும்மா” என்றாள்.

அவன் வாங்கத் தயங்கினான். அவள் பார்க்கும்போது சாப்பிடுவது அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். நல்லா இருக்கான்னு சாப்பிட்டுச் சொல்லுங்க என்று அவளே அதிகாரமாகச் சொன்ன பிறகு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, முந்திரி நிறைய இருக்கிறது என்று தெரிவித்தான். அவளுடைய மதிய மாத்திரைக்கு நேரமாகியிருந்ததால், என் கணவர் பையிலிருந்து வெண்ணெயும் பனீரும் நிறுத்து வைத்திருந்த டப்பாவை எடுத்தார். தண்ணீர்ச் சொம்போடு அதுவரை உட்கார்ந்திருந்த பெண்மணி, மாத்திரை விழுங்க அந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். நன்றாக விழித்துவிட்டாள், இனிக் கொடுக்கலாம் என்றேன்.