மலையிறங்கும் வண்டிக்குப் பிரேக் பேடு

மலேசியாவிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், எந்த விலையைக் கேட்டாலும் மனசு உடனே ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்துவிடும். மாற்றிப் பார்த்தால் எல்லாமே மலிவு. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து ரூபாயில் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு தானாக நின்றுபோனது. 4,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய்தான். மகனின் பள்ளி வேன் காசும் வீட்டு காஸ் சிலிண்டரும் அதற்குள் அடங்கிவிடும். எங்கள் பழைய ஆல்டோ காருக்கு முன் பிரேக் பேடு, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை, மாற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை அது. பேடு மட்டும் வெளியே வாங்கினால் அதில் பாதிகூட ஆகாது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார்.

புகுந்த வீடு ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, அவ்வளவுதான் சொத்து. வேலையோ கீழே சேலம் அஸ்தம்பட்டியில். ஆகவே தினமும் மலை இறங்கி ஏறியாக வேண்டும். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் நான் ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக். தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு அப்பா அழைத்துப்போன நாட்களில் வளைவுகளைப் பின் சீட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கியர் வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நானே இறக்குவது வேறு விஷயம். எங்கள் கொள்ளுத்தாத்தா இந்தச் சேலம் ஜில்லாவிலிருந்துதான் பேராக் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார். ஆனால் அந்தச் சொந்தமெல்லாம் ரோட்டில் உதவாது. ரோட்டை ஓட்டித்தான் பழக வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள வண்டி அந்த 1,200 மீட்டர் இறங்கும்போது விடும் சக்தி ஏறக்குறைய மூன்று யூனிட் கரண்டுக்குச் சமம். என் கணவர்தான் ஒருநாள் ராத்திரி நோட்டில் போட்டுக் காட்டினார். அத்தனையும் எங்காவது சூடாக மாறித்தான் போக வேண்டும். செகண்ட் கியரில் இறக்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மொத்தமும் டிஸ்க்குக்கும் பேடுக்கும் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கிவிடும். அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அடிவாரத்துக்கு வரும்போது சில வெளியூர் வண்டிகளின் சக்கரத்திலிருந்து வரும் கருகல் வாசனை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவர்களை நிறுத்திச் சொல்லத் தோன்றும். சில நேரம் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் வண்டியில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடது முன் சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். பேடு தேய்ந்ததும் ஒரு சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிச் சொல்லும்படி வைத்திருக்கிறார்கள். சேலம் கோரிமேட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். சங்ககிரி லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர்.

“ஏம்மா, செகண்ட் கியர்லதான எறக்குறீங்க?”

“ஆமாண்ணே.”

“அப்பச் சரி. பேடு தேயறதுக்குத்தான் இருக்குது, தேயட்டும். நீங்களே மாத்திக்கறீங்களா? ஞாயித்துக்கெழம வாங்க, ஒரு பக்கம் நான் மாத்திக் காட்டறேன், இன்னொரு பக்கம் நீங்க மாத்துங்க.”

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். கூலியும் வேண்டாம் என்றார். பேடை நான் வாங்கி வந்தால் போதும் என்றார். நான் விடாமல் வீட்டுக் காப்பிக்கொட்டை கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேலை ஆரம்பிப்பது ஜாக்கியில் அல்ல. சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைக்க வேண்டும். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். பிறகுதான் தூக்குவது. தூக்கியபின் ஜாக்கியை நம்பக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும். அண்ணன் இதில் மட்டும் குரலை உயர்த்தினார்.

டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேடை அழுத்தும் இரும்புப் பிடிதான் காலிபர். அதன் கீழ் போல்டைக் கழற்றி அப்படியே மேலே திருப்பினால் இரண்டு பேடும் தெரியும். உள் பேடில் மிச்சம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, வெளிப் பேடில் அதைவிட அதிகம் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி தேயாவிட்டால், காலிபர் எந்தக் கம்பியின் மேல் நகர்கிறதோ அந்தப் ‘பின்’ (pin) இறுகியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். உருவிப் பார்த்தால் பின்னில் பழுப்பாகத் துரு, பழைய கிரீஸ் காய்ந்து கட்டியாகி இருந்தது. ஏற்காட்டு மூடுபனியில் ராத்திரி முழுக்க வெளியே நிற்கிற வண்டி இப்படித்தான் ஆகும். துடைத்து, உப்புத்தாள் போட்டு, சூடு தாங்கும் கிரீஸ் தடவி, கையால் தள்ளினால் தடையில்லாமல் நழுவும்வரை விடவில்லை. பேடு மாற்றுவதைவிட இந்தப் பின்னைச் சுத்தம் செய்யும் வேலைதான் முக்கியம் என்பேன். இதை விட்டுவிட்டால் புதுப் பேடும் ஒரு பக்கமாகவே தேய்ந்து, போட்ட காசு வீண்.

புதுப் பேடு தடிமன் அதிகம், அதனால் காலிபருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை வைத்து கிளாம்பால் மெதுவாக அழுத்தினால் போகும். அப்போது ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். ஒரு கண் அங்கே இருக்கட்டும். காலிபரை அதன் பிரேக் ஆயில் குழாயில் தொங்கவிடக் கூடாது. டிஸ்க்கிலும் பேடு பரப்பிலும் ஒரு சொட்டு கிரீஸ் படக் கூடாது. தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் ஆகாது, இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கியபின் மறுபடி முறுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பப் போனேன். “பெடல மொதல்ல மிதிங்கம்மா, கெட்டியாகற வரைக்கும்!” என்று அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு இருப்பதால் முதல் சில மிதிக்குப் பிரேக்கே இருக்காது. இதற்காகவே ஒருவர் கூட நின்று கற்றுக்கொடுப்பது நல்லது.

அன்று மலை ஏறவில்லை. சமதள ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகக் குறைப்பதும், கொஞ்ச தூரம் ஆறவிட்டு மறுபடி குறைப்பதுமாக, பேடு டிஸ்க்கோடு படியும்வரை ஓட்டினேன். பேடும் கிரீஸும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த முறை வீட்டு வாசலிலேயே மாற்றினேன். அத்தை பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்கள். “உங்க ஊர்ல பொம்பளைங்க இதெல்லாம் செய்வாங்களா?” என்று கேட்டார்கள். இல்லை அத்தை, இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன் என்றேன்.

வெளிநாட்டிலிருந்து மலைப்பக்கம் குடிவந்திருப்பவர்கள் முன் பேடைத் தைரியமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பின் சக்கரத்து டிரம் பிரேக்கில் ஸ்பிரிங்கும், பேடு மாதிரி தேயும் ஷூவும் நுணுக்கமான வேலை. அதையும் ஆயில் மாற்றிக் காற்று எடுப்பதையும் நான் இன்னும் கோரிமேட்டு அண்ணனிடமே விடுகிறேன். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவோம். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பேடின் தடிமனைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் கீச்சுச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.