டப்பாவுக்கு இருபது

காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே உள்ள ஒரு சென்னைத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். புதிதாகப் பணியில் சேர்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கணக்குப் பாடத்துக்கு என்னென்ன பொருள்கள் வாங்கி வைக்கலாம் என்பதுதான். பொருளைப் பற்றிப் பிறகு பேசலாம், பாடம் முடிந்தபின் அது எங்கே, யார் கையால், எத்தனை எண்ணிக்கையில் திரும்பிப் போகும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்பேன். கேட்டவர் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரியும்.

அந்த ஏமாற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் வேலைக்கு வந்தபோது எங்கள் வகுப்பறைகளில் செயல்வழிக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007–08இல் தமிழ்நாடு முழுவதும் பரவிய முறை அது. எதற்குப் பின் எதைக் கற்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் அட்டைகள், அட்டைகளின் மூலையில் விலங்கு, பறவைச் சின்னங்கள், பிள்ளைகளே எழுதக்கூடிய உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை என எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. தன் சின்னம் உள்ள தட்டிலிருந்து அட்டையை எடுத்த பிள்ளை அதே தட்டில் திருப்பி வைத்துவிடும். அந்த ஒழுங்கு தானாகவே வந்ததென்று நான் நினைத்துவிட்டேன்.

அதனால்தான் ஒரு நாள் இரண்டு கிலோ புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போய், 36 பிள்ளைகளுக்கு நடுவே தரையில் கொட்டினேன். அதன்பின் நடந்ததற்குக் கணிதம் என்று பெயர் வைக்க முடியாது. கால்சட்டைப் பைகள் நிரம்பின. சன்னல் வழியே சில விதைகள் தெருவுக்குப் போயின. ஒரு பெண் குழந்தை ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டாள். நல்லவேளையாக அது தும்மலில் வெளியே வந்துவிட்டது. பெருக்கி அள்ளி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைய பாடக்குறிப்பேட்டில் ‘கூட்டல், பொருள்களைக் கொண்டு’ என்றுதான் எழுதியிருந்தேன்.

இப்போது எங்கள் வகுப்பில் விதைகள் டப்பாவுக்கு இருபதாக இருக்கின்றன. ஓட்டலில் சாம்பார் கட்டித் தரும் சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள்தான்; இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று. மூடியில் விதையின் படமும் 20 என்ற எண்ணும் ஒட்டியிருக்கும். எடுக்கும்போது எண்ண வேண்டாம், வைக்கும்போது எண்ணி வைக்க வேண்டும் என்பதே விதி. இந்த ஒரு விதியிலிருந்து எனக்குக் கிடைத்த கணிதம், நான் திட்டமிட்டு நடத்திய பல பாடங்களிலிருந்து கிடைக்கவில்லை. முதல் வாரத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பாதியில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் யாராவது ஒரு ஜோடி ஐந்தைந்தாக வரிசைகட்டத் தொடங்கும். எண்ணாமலே பார்த்துச் சொல்ல முடிகிறதே என்று பக்கத்து ஜோடியும் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் ஒருவன் எழுந்து, “மிஸ், பதினெட்டுதான் கீது” என்பான். எத்தனை குறைகிறது என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. அவனும் அவன் ஜோடியும் ஏற்கெனவே பாய்க்கு அடியில் இரண்டு விதைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நோட்டில் 20 − 18 என்று எழுதிப்போட்டால் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

ஒன்றாம் வகுப்புக்குப் புளியங்கொட்டை வேண்டாம் என்பது என் கருத்து. மூக்குக்குள் போகாத அளவில் ஏதாவது இருக்கட்டும். பழைய கேரம் காய்கள் மிகவும் பொருத்தமானவை. இந்தப் பகுதியில் கேரம் பலகை இல்லாத தெருவைக் காண்பது அரிது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைப் பெண்தான். கருப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1 என்ற காய்க் கணக்கைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே அறிந்திருக்கிறார்கள். காய் ஒன்று காணாமல் போனால் ஆட்டம் நடக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்பதால், எண்ணி வைக்கும் பழக்கத்தை அவர்களிடம் புதிதாகப் புகுத்த வேண்டியதில்லை.

அடுத்தது முட்டை அட்டை. சத்துணவுக்கு முட்டை வரும் அட்டையில் வரிசைக்கு 5 வீதம் 6 வரிசைகள், மொத்தம் 30 குழிகள். கறைபடாத அட்டைகளாகப் பொறுக்கி, நல்ல வெயிலில் காயவைத்து, இரண்டிரண்டு வரிசைகளாக வெட்டினால் ஓர் அட்டையிலிருந்து மூன்று பத்துக்குழித் துண்டுகள் கிடைக்கும். ஏழு காய்களைக் குழிகளில் போட்ட பிள்ளைக்கு, ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்பதும், பத்தாக மூன்று வேண்டும் என்பதும் ஒரே பார்வையில் தெரிகின்றன. 8 + 5 கேட்டால், ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குப் பக்கத்தில் உள்ள காலிக் குழிகளை நிரப்பிவிட்டு, மீதி மூன்றைப் பார்த்துப் பதின்மூன்று என்பார்கள். காலிக் குழி கண்ணை உறுத்துவதால் அதை நிரப்பத் தோன்றுகிறது. பத்தை நிரப்பிக் கூட்டுவதைப் பற்றி நான் எத்தனை முறை வாயால் விளக்கியிருப்பேன்!

வருகைப் பதிவையும் இந்தக் குழிகளுக்கே மாற்றிவிட்டேன். காலையில் உள்ளே வரும் பிள்ளை தன் பெயர் எழுதிய பாட்டில் மூடியை ஒரு குழியில் வைக்க வேண்டும். மூன்று துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். வகுப்பில் 28 பேர். ஆகவே எல்லோரும் வந்தாலும் இரண்டு குழிகள் காலியாகவே இருக்கும். ஆறு குழிகள் காலி என்றால் எத்தனை பேர் வரவில்லை? இந்தக் கேள்விக்கு ஜூன் மாதம் முழுவதும் ‘ஆறு’ என்றே பதில் வரும். ஜூலையில் யாரோ ஒருவர் ‘நாலு’ என்று சொல்லி அதற்காகச் சண்டையும் போடுவார். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சத்துணவுக் கூடத்தில் போய்ச் சொல்வது இரண்டு பிள்ளைகளின் அன்றாட வேலை. தவறாகச் சொன்னால் சமையல் அம்மா திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு அதில் வேலையே இல்லை.

இடமதிப்புக்கு வருகிறேன், ஆரம்ப வகுப்புக் கணக்கில் நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். ஆணிமணிச் சட்டத்தில் பத்துகளின் கம்பியில் உள்ள மணியும் ஒன்றுகளின் கம்பியில் உள்ள மணியும் ஒரே அளவுதான். அந்த ஒற்றை மணி பத்துக்குச் சமம் என்பதைப் பிள்ளை நம்ப வேண்டும், அவ்வளவே. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஐஸ் குச்சிக் கட்டு அப்படியல்ல. பத்துக் குச்சிகளை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு, தானே கட்டிய பிள்ளை, வேண்டும்போது அதை அவிழ்த்தும் பார்க்கலாம். 32இலிருந்து 7ஐ எடுக்கச் சொன்னால், கையிலுள்ள இரண்டு குச்சிகளைப் பார்த்துவிட்டு ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லை நான் சொல்வதற்கு வெகு முன்பே அது நடந்துவிடுகிறது. (கடனைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையே மிஸ், பிறகு எப்படி அது கடன் என்று ஒரு பிள்ளை கேட்டதிலிருந்து நானும் ‘அவிழ்த்தல்’ என்றே சொல்கிறேன்.) கட்டுகளைக் கட்டி வைத்துக் கொடுத்துவிடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நேரம் மிச்சமாகலாம், ஆனால் கட்டுவதுதான் பாடம்.

நம் எண்ணுப்பெயர்களில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. இருபத்து மூன்று என்னும்போது இருபதும் மூன்றும் காதிலேயே விழுகின்றன, அது வசதி. ஆனால் காதில் விழுந்தபடியே 203 என்று எழுதும் பிள்ளைகளும், நூற்று ஒன்பதை 1009 என்று எழுதும் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்பதில் இருக்கிறது. இருபது, முப்பது என்பவற்றின் வாலையே ஒன்பதும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது. தொண்ணூற்றில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பத்து ஒன்பதுக்கு அடுத்து என்ன என்றதும் ‘நூறு’ என்று கத்தும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிட முடியாது; அது மொழியை ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. ஆகவே தொண்ணூறு வரும் வாரத்தில் நான் வேகமாகப் போவதில்லை. எட்டுக் கட்டுகளும் ஒன்பது குச்சிகளும் வைத்து, இன்னொரு குச்சி சேர்த்து, ஒன்பதாவது கட்டைக் கட்டி, கட்டுகளை எண்ணச் சொல்வேன். ஒன்பது கட்டு என்ற பிறகே அதன் பெயர் தொண்ணூறு என்பேன். எழுதுவதற்கு, 20 என்ற நீள அட்டையின் பூச்சியத்தின் மேல் 3 என்ற சிறு அட்டையை வைத்து மூடுவது போதுமானது. பூச்சியம் காணாமல் போகவில்லை, அடியில் ஒளிந்திருக்கிறது என்று அவர்களே தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

பெருக்கலுக்கு முன்னோட்டமாகத் தொடர் கூட்டல் நடத்தியபோது, மூன்று மூடிகளில் நான்கு நான்கு விதைகள் வைத்து, இது என்ன என்றேன். மீன் விற்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “மூணு கூறு மிஸ், கூறுக்கு நாலு” என்றாள். பாடநூல் சொல்லும் ‘சமக் குழு’வைவிட அது எத்தனை தெளிவு! அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் 3 × 4 என்பதை மூன்று கூறு, கூறுக்கு நான்கு என்றே வாசிக்கிறோம். சந்தையில் கூறுகள் எல்லாம் ஒரே எண்ணிக்கையில் இருக்குமா என்று நான் வம்பாகக் கேட்டதற்கு, “இல்ல மிஸ், எங்க ஆயா கொசுறு போடும்” என்றாள். 13 விதைகளை நான்கு நான்காகக் கூறு கட்டச் சொன்னபோது மிஞ்சிய ஒன்றுக்குப் பெயர் தேட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நோட்டில் மட்டும் ‘மீதி’ என்று எழுதுகிறோம்.

இவ்வளவையும் 28 பேரோடு செய்வது எப்படி என்பது அடுத்த கேள்வி. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிக்க 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். ஆகவே ஒரே நேரத்தில் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு வேலை செய்வது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நாளில் புதிய செயல்பாடு கொடுத்தால் ஆசிரியரால் எந்தக் குழுவுடனும் உட்கார முடியாது. நான் ஒரு நாளில் ஒரு குழுவுக்கு மட்டுமே புதியது கொடுப்பேன், அந்தப் பாயில் நானும் உட்காருவேன். மற்றக் குழுக்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தையே ஆடும். பல்லாங்குழி, தாயம், ஐந்து கல் போன்றவை இதற்குத்தான் உதவுகின்றன. விதி கேட்க யாரும் எழுந்து வருவதில்லை.

பாய் என்றது வெறும் உட்காரும் பாய் அல்ல. குழுவின் பொருள்கள் அந்தப் பாயைத் தாண்டக் கூடாது. 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் தரைவிரிப்பே பிள்ளையின் வேலைக்கான எல்லை. மேசை இல்லாத எங்கள் வகுப்பறைக்கு அது மிகவும் பொருந்துகிறது. இன்னொன்று, எந்தப் பொருளையும் முதல் நாள் விளையாட விட்டுவிடுவேன். குச்சியில் வீடு கட்டாமல் எந்தப் பிள்ளையும் பத்துக் கட்டு கட்டாது; அந்த வீட்டை எப்போது கட்டிமுடிக்கட்டும் என்பதை மட்டுமே நாம் முடிவு செய்ய முடியும்.

கடைசியாக, வாங்கும் பொருள் பற்றி ஒன்றே ஒன்று. கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் பேண்டு ஏப்ரல் வெயிலில் பிசுபிசுத்து அறுந்துவிடுகிறது; இரண்டு சுற்றுப் போடுவதற்குள் சின்ன விரல்களிலிருந்து தெறித்தும் போகிறது. வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டில் தலைமுடிக்கு விற்கும் துணி சுற்றிய ரப்பர்கள் மூன்று ஆண்டுகளாக எங்களிடம் உழைக்கின்றன. அவற்றையும் டப்பாவுக்குப் பத்தாகத்தான் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை எண்ணும்போது ஒன்று குறைந்தால், யாருடைய தலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.