அவரைப் பந்தலுக்கு ஒரு மாத வாய்தா

மாசி பாதியாகிவிட்டது. விடியலில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். எங்கள் விருதுநகர்க் கரிசல் இப்போதே வாய் பிளக்கத் தொடங்கிவிட்டது. கார்த்திகையில் தொலைந்த களைக்கொத்து ஒரு வெடிப்புக்குள் பிடி மட்டும் தெரியக் கிடந்தது! (பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டது தப்புதான்.)

வேம்பு உதிர்த்த சருகை அள்ளிக் கறிவேப்பிலைக்கும் மாதுளைக்கும் மூடாக்குப் போட்டேன். அப்புறம் காய்ந்த அவரைப் பந்தலைப் பிரிக்கப் போனால், தொங்கும் கொடியில் தேன்சிட்டுக் கூடு. சிலந்தி நூலால் சருகுத் துணுக்குகளைச் சேர்த்துக் கட்டிய பை. வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் வேறு. முட்டை பொரிய 2 வாரம், குஞ்சு பறக்க இன்னும் 2 வாரம். சரி, பந்தல் இருக்கட்டும். கைக்கு எட்டிய நெற்றுகளை மட்டும் பறித்து, விதையைச் சாம்பலில் புரட்டி ஆடிக்கு எடுத்து வைத்தாயிற்று.