சனிக்கிழமைக்குள் லாமலேரா

இந்தோனேசியா போய்வந்தேன் என்று சொன்னதும் எல்லோரும் பாலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாலியில் நான் பார்த்தது விமான நிலையத்தை மட்டும். நான் தேடிப் போனது அங்கிருந்து வெகு கிழக்கே, லெம்பாட்டா தீவின் தென்கரையில், பாறைச் சரிவுக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் லாமலேரா என்ற ஊரை. கையால் ஈட்டி எறிந்து திமிங்கிலம் பிடிக்கும் ஊர் அது. எப்படிப் போவது என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஊரின் நாள்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். கடல் வேட்டைப் பருவத்தை அங்கே லெவா என்கிறார்கள். மே மாதம் தொடங்கி சில மாதங்கள் நீடிக்கும். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். ஏப்ரல் 30 மாலை கடலில் மாண்டவர்களுக்காக வழிபாடு. மே 1 அன்று கடற்கரைச் சிற்றாலயத்தில் திருப்பலி. அதன் பிறகே படகுகள் இறங்கும். அதற்கு முன்பே மண்ணுக்கு உரிய பழங்குடியினர் முன்னோருக்கான சடங்கை முடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காது. சனிக்கிழமை பக்கத்து ஊரான வுலாண்டோனியில் பண்டமாற்றுச் சந்தை. ஆகவே வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஊர்போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி வகுத்தேன்.

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா பெரிய தலைவலி இல்லை. வந்திறங்கும்போது தரும் விசாவை இணையத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடலாம். 30 நாள், ஐந்து லட்சம் ரூப்பியா. லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், நம் பணத்தில் சில ஆயிரம்தான்.

சிக்கல் குப்பாங்கில் தொடங்கியது. கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தின் தலைநகர் அது. திமோர் தீவில் இருக்கிறது. அங்கிருந்து லெம்பாட்டாவின் தலைநகரான லெவோலெபாவுக்குச் சிறிய விமானம் உண்டு. ஆனால் இந்தப் பகுதி எரிமலைகளின் பகுதி. லெவோலெபாவுக்கு அருகிலேயே லெவோடோலோக் நிற்கிறது. 2020 நவம்பர் இறுதியில் பெரிதாக வெடித்தது. புளோரஸ் தீவின் கிழக்கில் இருக்கும் லெவோடோபி 2024 நவம்பரில் வெடித்து உயிர்களைப் பறித்தது. சாம்பல் எழுந்தால் விமானம் இல்லை. நான் போன அன்றும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் எந்த விளக்கமும் சொல்லாமல் நாளைய விமானத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். நாளையும் சாம்பல் இருந்தால்? அதற்கு ஒரு புன்னகைதான் பதில்.

நான் கப்பலுக்குப் போனேன். குப்பாங்கிலிருந்து லாரான்துக்காவுக்கு இரவு முழுக்கப் போகும் பெரிய படகு இருக்கிறது. லாரிகள் கீழே, மனிதர்கள் மேலே. ஆட்டுக்குட்டிகளும் மேலேதான். வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையை ஏறியவுடன் பிடித்துவிட வேண்டும். தாமதித்தால் இரும்புத் தளம்தான். லாரான்துக்கா புளோரஸின் கிழக்கு முனை. போர்த்துக்கீசியர் காலத்து வழக்கம் மாறாத புனித வாரப் பவனிக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்து இன்னொரு படகு, அதோனாரா தீவைத் தொட்டுக்கொண்டு லெவோலெபாவில் இறக்கிவிடும். விமானம் ரத்தானதில் எனக்கு நஷ்டம் இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். தீவுகள் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வாழ்கின்றன என்பது அந்தப் படகில் ஏறி இறங்கும் மூட்டைகளைப் பார்த்தால்தான் புரியும்.

லெவோலெபாவில் ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள். தெற்கே போனபின் கையில் இருக்கும் நோட்டுதான் பணம். அங்கிருந்து லாமலேராவுக்கு லாரிதான் பஸ். பின்பக்கத்தில் மரப்பலகை இருக்கைகள், மேலே கூரை. மதியம் கிளம்பும் என்றார்கள். சிமெண்ட், அரிசி, ஒரு அலமாரி, இரண்டு பன்றிகள் ஏறி முடிந்தபோது மதியம் போய்விட்டிருந்தது. தூரம் அதிகமில்லை, சாலைதான் அதைப் பல மணி நேரமாக நீட்டுகிறது. இருட்டியபின் இறங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு.

தங்குவதற்கு வீடுகளில் அறை தருகிறார்கள், சாப்பாடும் அங்கேயே. வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, ஊர்த் தலைவரிடம் சொல்லியாயிற்றா என்பது. போய் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, ஊருக்கென்று ஒரு தொகை கொடுத்தேன். இந்த மரியாதையைச் செய்துவிட்டால் பிறகு யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே கடற்கரைக்கு ஓடுபவர்களை மட்டும் அவர்கள் மறப்பதே இல்லை.

இரவுச் சாப்பாட்டில் முருங்கைக்கீரைக் குழம்பு. அந்த மாகாணம் முழுக்க அன்றாட உணவு அது. கூடவே வறுத்த சோளத்தைக் கல்லில் தட்டி அவல் போலாக்கிய ஜாகுங் தித்தி. வாழைக்காய் சீவலோடு பிறந்த எனக்கே அதை நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை காலை அந்த அம்மாவோடு வுலாண்டோனிக்குப் போனேன். லாமலேராவின் நிலத்தில் விளைச்சல் குறைவு. கடலில் கிடைப்பதை மலைக்காரர்களிடம் கொடுத்துச் சோளம் வாங்கித்தான் இத்தனை தலைமுறை பிழைத்திருக்கிறார்கள். தலையில் உலர்ந்த மீனும் திமிங்கில இறைச்சித் துண்டுகளும். மலைப்பெண்கள் சோளம், வாழைப்பழம், கிழங்கு, பாக்கு என்று பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆனால் ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. சந்தை வரி வசூலிப்பவர் சுற்றிவந்து முடித்து விசில் ஊதினார். அதற்கப்புறம்தான் கைகள் நீண்டன.

எண்ணிக்கை ஆறு ஆறாக. ஆறு கொண்ட கூறுக்கு முங்கா என்று பெயர். ஒரு துண்டு இறைச்சிக்கு இரண்டு முங்கா வாழைப்பழம் என்று வீட்டுக்கார அம்மா வாங்கினார். பேரம் கிட்டத்தட்ட இல்லை. துண்டு சிறிதாக இருந்தால் எதிரே இருப்பவள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவ்வளவுதான். என் சட்டைப்பையில் இருந்த லட்சங்களுக்கு அந்த மரத்தடியில் மதிப்பில்லை. ஓரத்தில் துணியும் பிளாஸ்டிக் வாளியும் விற்றவர்கள் மட்டும் ஆசையாகப் பார்த்தார்கள்.

கடலுக்குப் போகத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெலெடாங் என்ற மரப்படகுகள் கரையில் ஓலைக் கொட்டகைகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. இரும்பு ஆணி இல்லாமல் மரமுளைகளால் பிணைத்தவை, இரு பக்கமும் மிதவைக்கட்டைகள். முனையில் நீண்டிருக்கும் மூங்கில் மேடையில் நின்று ஈட்டியோடு தானும் சேர்ந்து பாய்பவன் லமாஃபா. அன்றாடம் சுற்றிவருவதற்கு ஜோன்சன் என்று அவர்கள் அழைக்கும் மோட்டார் படகுகள்தான். அதில் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. பணம் பேசி, வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு. ஓங்கல்கள் (டால்பின்கள்) தெரிந்தன, கோலா மீன்கள் பறந்தன. திமிங்கிலம் இல்லை. திமிங்கிலம் தென்பட்டால் கரையிலிருந்து எழும் ‘பாலெயோ’ என்ற கூவலும் கேட்கவில்லை.

திமிங்கிலம் பார்க்கவில்லையே என்று பரிதாபப்படுகிறவர்களுக்கு நான் ஒத்துப்போவதில்லை. அது காட்சிப்பொருளாக வெட்டப்படுவதல்ல. லமாஃபாவுக்கு எது, படகு கட்டியவருக்கு எது, ஈட்டி அடித்த கொல்லருக்கு எது என்று உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் உரியவர் உண்டு. அவர்கள் தேடுவது கொத்தெக்லெமா எனும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தை. நீலத் திமிங்கிலத்தைத் தொடுவதில்லை, முன்னோரைக் காப்பாற்றியதாம். சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் இந்தோனேசியா உறுப்பு நாடு இல்லாததால், 1986 முதல் நடப்பில் இருக்கும் வணிக வேட்டைத் தடை அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அவர்கள் பிடிக்கும் ஆனைத்திருக்கை எனும் பெரிய திருக்கை மீனின் விஷயம் வேறு. 2014இல் அரசு அதற்கு முழுப் பாதுகாப்பு அளித்தது. அந்தப் பேச்சை எடுத்தால் ஊரில் குரல் உயர்கிறது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று எழுதி நழுவ எனக்கு விருப்பமில்லை. வணிகர்களுக்காகச் செவுளை அறுப்பது ஒன்று, சோளத்துக்காக மீன் பிடிப்பது வேறொன்று. சட்டம் அந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்பேன்.

திரும்பும் லாரி விடியுமுன் கிளம்பும். முந்தைய மாலையே ஓட்டுநரிடம் சொல்லிவைத்தால் வீட்டு வாசலிலேயே ஹார்ன் அடிப்பார். சொல்லாவிட்டால், சந்தைக்குப் போகும் மீன் மூட்டைகளுக்குப் பிறகு மிஞ்சும் இடம்தான் உங்களுக்கு. ஊர் திரும்பும் விமானத்துக்கும் லெவோலெபாவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் வெறுமையாக விட்டுவையுங்கள்.