ஜீன் டெஸ்ட் இருக்கும்போது ஸ்லைடு எதற்கு?

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக் குழாய் போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்க்குச் சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் 100-க்கு 1 அளவுதான் இது. ஆனால் அதற்குள்ளேயே 50-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, பார்க்கச் சார்கோமா மாதிரியே இருந்து ஒரு தொல்லையும் தராத கட்டிகளும் உண்டு.

சிங்கப்பூரில் ஊட்ரம் பக்கம் ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோம் என்ற கருவியில் மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடில் ஏற்றுவது என் வேலை. நோய் இன்னதென்று சொல்வது பேதாலஜிஸ்ட். யீஷூனில் எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் அக்காவின் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். முன்கையில் திடீரென்று ஒரு கட்டி. மூன்றே வாரத்தில் 2 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு (பயாப்ஸி) எடுத்துவிட்டு, முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "இப்பல்லாம் ஒரே ஜீன் டெஸ்ட்ல எல்லாம் தெரிஞ்சிடுதாமே தம்பி, அப்புறம் எதுக்கு ரெண்டு வாரம்?" என்று அக்கா கேட்டார். அவன் திசு எங்கள் கூடத்துக்கு வரவில்லை; வந்திருந்தாலும் நான் அதைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லலாம். அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஊசி வழியாக வருவது நூல் போன்ற ஒரு துண்டு, தடிமன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஃபார்மலினில் ஊறி, மெழுகு ஏறி, என் கைக்கு வர ஒரு நாள் ஆகிவிடும். 3, 4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துவோம். சாயம் ஏற்றினால் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். சார்கோமாவில் பெரும்பாலும் தெரிவது இரு முனையும் கூர்மையான கதிர் வடிவச் செல்கள்தான். பத்துப் பன்னிரண்டு நோய்கள் இதே முகத்தோடு வரும். ஆகவே அடுத்து, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி சாயங்கள்: தசைக்கு டெஸ்மின், நரம்பு உறைக்கு எஸ்100, இப்படி. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னொரு நாள் போகும், இன்னொரு சீவலும் போகும்.

அந்தச் சீவல்தான் எங்கள் கவலை. திசு பதித்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோமிலிருந்து கழற்றிவிட்டு மறுநாள் திரும்ப மாட்டினால் கோணம் ஒரு மயிரிழை மாறியிருக்கும். அதைச் சமன் செய்யவே திசுவில் ஒரு பகுதி வீணாகும். அதனால் சிறிய பயாப்ஸி என்றால் முதல் தடவையே சாயமில்லாத ஸ்லைடுகளைக் கூடுதலாகச் சீவி வைத்துவிடுவோம். மரபணுச் சோதனைக்குச் சீவும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் பிளேடை மாற்றுவோம். அடுத்தவர் திசுவின் துணுக்கு ஒட்டினாலும் முடிவு தப்பாகிவிடும். எந்த இடத்தில் கட்டிச் செல்கள் நிறைந்திருக்கின்றன என்று பேதாலஜிஸ்ட் பேனாவால் வட்டம் போட்டுத் தருவார். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்டி அனுப்புவோம். ஸ்லைடு பார்க்காமல் ஜீன் டெஸ்ட் தொடங்கவே முடியாது.

முடிவு வந்த பிறகும் ஸ்லைடு வேண்டும். மரபணு உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் (FISH) சோதனையில் ஒரு மரபணுவின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை ஒளிப்புள்ளிகள் ஒட்டும். மரபணு முழுசாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும். உடைந்திருந்தால் பிரிந்து நிற்கும். ஈடபிள்யூஎஸ்ஆர்1 என்ற மரபணு உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. யூயிங் சார்கோமாவிலும் அது உடையும், வேறு பல கட்டிகளிலும் உடையும். உடைந்த துண்டு எந்த மரபணுவோடு ஒட்டிக்கொண்டது என்று அறிய, மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவை வரிசைப்படுத்திப் படிக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். அது ஏடிஎஃப்1 என்ற மரபணுவோடு ஒட்டியிருந்தால், நிணநீர் முடிச்சுக்கும் நுரையீரலுக்கும் பரவும் கிளியர் செல் சார்கோமாவாக இருக்கலாம். பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வந்து, வெட்டி எடுத்தால் அநேகமாக அதோடு முடிந்துவிடும் ஆஞ்சியோமட்டாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமாவாகவும் இருக்கலாம். மரபணு விடை ஒன்றேதான். பிரித்துச் சொல்வது ஸ்லைடும் சாயமும், கட்டி உடம்பில் எங்கே இருந்தது என்பதும்தான்.

மரபணு கைகொடுக்கும் இடமும் உண்டு. நோடுலர் ஃபேஸியைட்டிஸ் என்று ஒன்று: இளம் வயது, முன்கை, வாரக்கணக்கில் கிடுகிடுவென்று வளர்ச்சி, ஸ்லைடு முழுக்க இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும் செல்கள். பார்த்ததும் புற்றுநோய் என்றே தோன்றும். ஆனால் பரவாது, சில சமயம் தானாகவே கரைந்தும் போகும். சார்கோமா என்று நினைத்து இதற்குத் தேவையில்லாத பெரிய அறுவை சிகிச்சை நடந்த காலம் உண்டு. இதில் யூஎஸ்பி6 மரபணு இடம் மாறியிருக்கிறது என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள்; அந்த மாற்றம் தெரிந்தால், இது சார்கோமா இல்லை என்று சொல்ல அது கைகொடுக்கிறது. அக்கா மகனுக்கு வந்த முடிவும் இதுதான். அந்த இரண்டு வாரத்தை அவசரப்படுத்தாதவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கருத்துக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருக்கும் பேதாலஜிஸ்ட் பார்க்க வேண்டியது ஸ்லைடை. புதிதாகச் சோதனை செய்யத் தேவைப்படுவது மெழுகுக் கட்டி அல்லது சாயமில்லாத ஸ்லைடுகள். மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எடுத்துக் கொடுக்கச் சில நாள் ஆகும், விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.